முரோயிக்கு ஏன் தனிப்படம் தேவைப்பட்டது?

2024 அக்டோபரில் ஜப்பானியத் திரையரங்குகளில் முரோயி ஷின்ஜி என்ற முன்னாள் போலீஸ் அதிகாரியைப் பற்றி ஒரு படம் வந்தது. அடுத்த மாதமே அதன் இரண்டாம் பாகமும் வந்தது. முரோயி எந்த நாவலின் நாயகனும் இல்லை, வரலாற்றில் வாழ்ந்த மனிதரும் இல்லை. 1997-இல் ஃபூஜி டிவியில் 11 வாரம் மட்டும் ஓடிய ‘ஒதோரு தாய்சோசாசென்’ என்ற போலீஸ் தொடரில், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கூட்டங்களில் இறுகிய முகத்துடன் உட்கார்ந்திருந்த மேலதிகாரி. அந்தத் தொடர் முடிந்து 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. முரோயியாக நடித்த யானகிபா தோஷிரோவுக்கே அறுபது வயது தாண்டிவிட்டது. அப்படியும், வேலையை விட்டபிறகு இந்த மனிதர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தார்கள்.

ஜப்பானியத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவர்களிடையே ஒரு தொடரின் பாத்திரத்தைத் தனியே எடுத்துக் கதை சொல்லும் ஸ்பின்-ஆஃப் எனப்படும் கிளைத் தொடர்களைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நல்லபடியாக முடிந்த கதையைக் காசுக்காக மறுபடி கிளறுகிறார்கள் என்பது ஒன்று. பிடித்த ஆட்களை இன்னும் ஒருமுறை பார்க்கக் கிடைத்தால் போதும் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் கிடையாது. மூலத் தொடர் ஒரு பாத்திரத்திடம் கடன்பட்டிருந்தால், அந்தக் கடனை அடைக்க வருகிற கிளைத் தொடர் நன்றாக அமைகிறது. கடன் ஏதும் இல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது நிற்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள, அங்கே தொடர்கள் எப்படித் தயாராகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஆண்டு நான்கு துண்டுகளாக வெட்டப்பட்டது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய தொடர்கள் கூட்டமாகத் தொடங்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ‘கூரு’ என்று பெயர். வாரம் ஒரு எபிசோடு, மொத்தம் பத்து அல்லது பதினொன்று, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்து, அதே நேரத்தில் வேறு தொடர், வேறு முகங்கள். நன்றாக ஓடுகிறதே, இன்னும் இருபது வாரம் நீட்டுவோம் என்றால் முடியாது. அடுத்த கூருவின் நேரம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும், விளம்பரதாரர்கள் பேசி முடித்திருப்பார்கள், நாயக நடிகரின் நாட்கள் வேறு எங்கோ போயிருக்கும். பல தொடர்களில் முதல் எபிசோடு ஒளிபரப்பாகும்போது பின்வரும் எபிசோடுகளின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டால் ஒரு நன்மை உண்டு. எழுதுகிறவர் முடிவை நோக்கியே எழுதுகிறார். பதினோராவது வாரம் கதவு மூடப்படும் என்று தெரிந்தே ஒவ்வொரு காட்சியும் அமைகிறது. தொந்தரவும் இதிலேயே இருக்கிறது. பத்து மணி நேரத்துக்குள் நாயகனின் கதைக்கே இடம் போதாது. பக்கத்து மேஜைக்காரர், ஆய்வகத்தில் இருப்பவர், மேலதிகாரி ஆகியோரின் வாழ்க்கை ஒரு வரி வசனத்தில் தொட்டுக்காட்டப்பட்டு அப்படியே நின்றுவிடும். தொடர் முடிந்தபிறகு பார்த்தவர் மனத்தில் அந்த ஒரு வரிகள்தான் உறுத்திக்கொண்டிருக்கும்.

துணை நடிகர்களை ஜப்பானிய ரசிகர்கள் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2017-இல் டிவி டோக்கியோ ‘பைப்ளேயர்ஸ்’ என்று ஒரு தொடர் எடுத்தது. துணைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஆறு நடிகர்கள் ஒரே வீட்டில் தங்குவதாகக் கதை. ஓசுகி ரென், எந்தோ கெனிச்சி, தகுச்சி தொமோரோவோ, தெராஜிமா சுசுமு, மட்சுஷிகே யுதகா, மிட்சுயிஷி கென். அத்தனை பேரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோதே ஓசுகி ரென் இறந்துபோனார். மீதியை மற்றவர்கள் நடித்து முடித்தார்கள். நாயகன் யார் என்பதைவிடச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று பார்த்துத் தொடரைத் தேர்ந்தெடுக்கிற ரசிகர்கள் இருக்கிற ஊரில்தான் கிளைத் தொடர் வேர்பிடிக்கும். இந்த ஆறு பேரில் மூவரின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடி வரும்.

இந்த வழக்கம் இணையக் காலத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. மிதானி கோகி எழுதிய ‘ஃபுருஹதா நின்சபுரோ’ துப்பறியும் தொடரின் இரண்டாவது சீசன் 1996 தொடக்கத்தில் ஓடியபோது, அதே நாள் நள்ளிரவை ஒட்டி இன்னொரு சிறு தொடர் வந்தது. நாயகன் ஃபுருஹதாவிடம் எப்போதும் நெற்றியில் அடி வாங்குகிற உதவியாளர் இமாயிசுமி ஷின்தாரோ. அவர் அன்றைக்கு முடிந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு தடயவியல் ஆய்வகத்துக்குப் போய் அங்கிருக்கும் நண்பரிடம் பேசித் தீர்ப்பார். சின்னச் செட், இரண்டு நல்ல நடிகர்கள், சில நிமிடங்கள். புத்திசாலி ஒருவரின் நிழலில் நாள் முழுக்க நிற்பவருக்கு வேலை முடிந்ததும் யாரிடமாவது புலம்பத்தானே தோன்றும்? மூலத் தொடரில் அதற்கு இடம் கிடையாது. அந்த இடத்தை நள்ளிரவில் கொடுத்தார்கள். பின்னால் வந்த எத்தனையோ பெரிய முயற்சிகளைவிட இந்தச் சின்ன வேலை எனக்குப் பிடிக்கும்.

சரி, முரோயிக்கு வருவோம். ‘ஒதோரு’வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜப்பானியக் கிளைத் தொடர்களின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரே குடும்பத்தில் இருக்கிறது.

அதற்கு முன் வந்த போலீஸ் தொடர்களில் துரத்தலும் துப்பாக்கியும்தான் பிரதானம். எழுத்தாளர் கிமிசுகா ரியோயிச்சி, இயக்குநர் மொதோஹிரோ கட்சுயுகி, தயாரிப்பாளர் கமேயாமா சிஹிரோ மூவரும் போலீஸ் நிலையத்தை ஒரு கம்பெனி அலுவலகமாகக் காட்டினார்கள். நாயகன் அவோஷிமா ஷுன்சாகு கணினி விற்றுக்கொண்டிருந்து போலீஸில் சேர்ந்தவன். ஓதா யூஜி நடித்தார். அவன் வேலை பார்க்கும் வாங்கன் நிலையம், அப்போது பெரும்பாலும் வெற்று நிலமாக இருந்த ஓதாய்பா பகுதியில் இருப்பதாகக் கதை. மற்ற நிலையத்தார் அதைப் பொட்டல்காட்டு நிலையம் என்று கேலி செய்வார்கள். ஃபூஜி டிவியே 1997-இல்தான் அந்தப் பகுதிக்குக் குடிபோனது. தலைமையகத்தைத் ‘தலைமைக் கடை’ என்றும் நிலையத்தைக் ‘கிளைக் கடை’ என்றும் பாத்திரங்கள் பேசிக்கொள்வார்கள். செலவுக் கணக்குக்கு ரசீது ஒட்டுவது, தலைமையகத்து ஆட்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது, யாருடைய எல்லையில் பிணம் கிடந்தது என்ற தகராறு எல்லாம் வழக்கு விசாரணை அளவுக்கே முக்கியமாக வந்தன. அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அது தங்கள் கதையாகத் தெரிந்தது.

இந்த அமைப்பில்தான் முரோயி வருகிறார். தலைமையகத்தின் உயரதிகாரி. ஆனால் மேல்தட்டு முழுக்க டோக்கியோ பல்கலைக்கழகத்துக்காரர்கள். அகிதா மாகாணத்திலிருந்து வந்து தோஹோகு பல்கலைக்கழகத்தில் படித்த முரோயி அங்கே எப்போதும் வெளியாள். கீழே அவோஷிமா கத்துகிறான், மேலே அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை, நடுவில் இவர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய வாகு என்ற அனுபவசாலி அவோஷிமாவிடம், சரியானதைச் செய்ய வேண்டுமானால் முதலில் பெரிய பதவிக்குப் போ என்பார். இகாரியா சோஸ்கே நடித்த அந்த வாகுவின் சொல்தான் தொடரின் முதுகெலும்பு. அவோஷிமா களத்திலேயே நிற்பான், முரோயி மேலே ஏறிப் போலீஸ் துறையை மாற்றுவார் என்று இருவருக்கும் ஓர் உடன்பாடு. தொடர் அங்கே முடிந்தது. அந்த உடன்பாடு நிறைவேறியதா என்று சொல்லவே இல்லை. நான் மேலே சொன்ன கடன் இதுதான்.

1998-இல் வந்த முதல் படம் 1,010 கோடி யென் வசூலித்தது. வழக்கு கூட்ட அறையில் நடக்கவில்லை, களத்தில் நடக்கிறது என்று அவோஷிமா கத்துகிற வசனம் ஜப்பானிய அலுவலகங்களில் பழமொழி போலப் புழங்க ஆரம்பித்தது. 2003-இல் இரண்டாவது படம் 1,735 கோடி யென் எடுத்தது. நடிகர்கள் நடித்த ஜப்பானியப் படங்களில் அது 22 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. கபுகி நாடகக் கலைஞர்களைப் பற்றிய ‘கொகுஹோ’ 2025 நவம்பரில்தான் அதைத் தாண்டியது. 2004-இல் இகாரியா சோஸ்கே இறந்துவிட, வாகு இல்லாமல் உடனே மூன்றாவது படம் எடுப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. இடைவெளியை நிரப்ப 2005-இல் இரண்டு கிளைப் படங்கள் வந்தன.

முதலாவது, பேச்சுவார்த்தை நிபுணர் மஷிதா மசயோஷியின் கதை. மூலத்தில் கொஞ்சம் அசடாக, நல்ல மனத்தோடு வந்துபோகும் இளைய அதிகாரி அவர். கிறிஸ்துமஸ் முந்தைய நாள் டோக்கியோ சுரங்க ரயில் பாதையில் ஆளில்லாத சோதனை ரயில் ஒன்றை யாரோ தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். மஷிதா தொலைபேசியில் அந்த ஆளோடு பேச வேண்டும். 420 கோடி யென் வசூல். படம் விறுவிறுப்பாகவே போகிறது. ஆனால் அது மஷிதாவின் கதையாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எனக்குப் படவில்லை. வேறு யாரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் ரயில் அப்படியே ஓடியிருக்கும். படத்தில் உயிரோடு இருப்பவர்கள் ரயில் கட்டுப்பாட்டு அறையின் ஊழியர்கள்தான்.

இரண்டாவது, முரோயியே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கும் படம். கிமிசுகாவே இயக்கினார். 383 கோடி யென். முதலாவதைவிடக் குறைவான வசூல், மெதுவாக நகரும் படம், சிரிப்புக்கு அதிக இடமில்லை. அப்போது பலருக்கு இது பிடிக்கவில்லை. ‘ஒதோரு’ என்றால் கலகலப்பு என்று வந்தவர்களுக்குக் கனத்த படம் கிடைத்தது. எனக்கோ இரண்டில் இதுதான் மேலானது. மேலே ஏறுவேன் என்று சொன்ன மனிதர் ஏறுகிற வழியில் என்னென்ன இழக்கிறார் என்பதை இது நேராகப் பார்க்கிறது.

அப்புறம் நடந்தது வேடிக்கை. மஷிதா படத்தில் முரட்டுத்தனமாக வரும் கிஜிமா ஜோயிச்சிரோ என்ற போலீஸ்காரருக்கும், முரோயி படத்தில் எதிரணியில் வரும் ஹாயிஜிமா என்ற வக்கீலுக்கும் தனித்தனியே தொலைக்காட்சிச் சிறப்புப் படங்கள் எடுத்தார்கள். கிளையிலிருந்து கிளை! கிஜிமாவாக நடித்தவர் அந்த ஆறு பேரில் ஒருவரான தெராஜிமா சுசுமு. அவருக்காக ஒருமுறை பார்க்கலாம். ஆனால் மூலத் தொடரின் கூட்ட அறையிலிருந்து இவை எங்கோ தள்ளிப் போய்விட்டன. எந்தக் கடனும் இல்லாத இடத்தில் எழுதப்பட்ட கதைகள்.

2024-இல் வந்த இரண்டு படங்களைப் பற்றி இனி சொல்வதில் முடிவும் வரும். பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் கட்டுரையின் கடைசிப் பத்தியையும் தாண்டிவிடலாம். முரோயி தோற்றுப்போனார். துறையை மாற்ற முடியவில்லை. ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டு அகிதாவுக்குத் திரும்பி, பனி கொட்டும் கிராமத்தில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார். தாயைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு பையனையும், குற்றவாளியின் மகனான இன்னொரு பையனையும் ஒரே வீட்டில் வளர்க்கிறார். அங்கே அன் என்ற பெண் வந்து சேர்கிறாள். 1998 படத்தின் கொலைகாரி ஹ்யூகா மனாமியின் மகள். கதையில் வழக்கு ஒன்று உண்டு, ஆனால் படத்தின் மனம் சமைப்பதிலும் விறகு வெட்டுவதிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலும் இருக்கிறது. இரண்டாவது படத்தின் முடிவில் முரோயி இறந்துபோகிறார். எல்லாம் முடிந்த பிறகு அவோஷிமா வருகிறான்.

இதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். கால் நூற்றாண்டு காத்திருந்ததற்கு இதுவா பதில் என்பது அவர்களின் ஆதங்கம். அவோஷிமாவை மறுபடி கொண்டுவர முரோயியைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கடைசிக் காட்சி அடுத்த படத்துக்கான விளம்பரம் போலவும் இருக்கிறது. ஆனாலும் இந்தப் படங்களை நான் மனதார ஆதரிக்கிறேன். பெரிய நிறுவனத்தை உள்ளிருந்து திருத்துவேன் என்று கிளம்பிய பெரும்பாலோர் முரோயியைப் போலத்தான் வீடு திரும்புகிறார்கள். குற்றத்தால் அடிபட்ட பிள்ளைகளுக்குத் துறை செய்யாததை ஒரு தனிமனிதர் தன் வீட்டுச் சமையலறையில் செய்கிறார். 1997-இல் தொடங்கிய கேள்விக்கு நேர்மையான பதில் அதுதான். மூலத் தொடரின் பதினோரு வாரத்தில் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கவே முடியாது. யானகிபாவின் முகத்தில் அத்தனை ஆண்டுகள் ஏறியிருக்க வேண்டும்.

ஒரு வரி வசனத்திலிருந்து படம் பிறந்ததற்கு இன்னொரு உதாரணம் டிவி அசாஹியின் ‘ஐபோ’. 2000-இல் தனிப்படமாகத் தொடங்கி, 2002-இலிருந்து தொடராக இன்றும் ஓடுகிறது. மிசுதானி யுதகாவின் சுகிஷிதா உக்யோ அப்படியே இருக்க, கூட்டாளி மட்டும் அவ்வப்போது மாறுவார். அதில் தடயவியல் பிரிவின் யொனேசாவா என்று ஒருவர். ரயில் பித்து, ரகுகோ கதைசொல்லலில் ஆர்வம், மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று எப்போதாவது ஒரு பேச்சு. 2008-இல் வந்த ஐபோ திரைப்படம் மாரத்தான் ஓட்டத்தைச் சுற்றியது. 2009-இல் யொனேசாவாவுக்குத் தனிப்படம் வந்தபோது, அதே மாரத்தான் பதிவுகளில் தன் மனைவியைப் போன்ற ஒரு பெண்ணை அவர் பார்ப்பதில் கதையைத் தொடங்கினார்கள். பெரிய படத்தின் பின்னணிக் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்து, அந்த முகத்துக்காக ஒரு படம். ரொக்காகு செய்ஜி அதில் சோகத்தையும் சிரிப்பையும் ஒரே பார்வையில் வைத்திருப்பார்.

பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடர்களான அசாதோராக்களின் விஷயம் வேறு. 1961-இலிருந்து வருபவை. ஒரு நாளைக்கு 15 நிமிடம், பொதுவாக ஆறு மாதம். 1983-84-இல் ஓராண்டு ஓடி, 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போன ‘ஓஷின்’ இந்த வகைதான். இலங்கையில் ரூபவாஹினியில் பார்த்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். இவ்வளவு நாள் தினமும் வீட்டுக்கு வரும் ஆட்கள் ஒரு நாளோடு நின்றுவிடும்போது ஜப்பானில் பலருக்கு உண்மையாகவே வெறுமையாக இருக்கும். அதனால் முடிந்த கையோடு துணைப் பாத்திரங்களை வைத்து ஒரு சிறப்புக் கதை போடுவது வழக்கமாகிவிட்டது. 2016-இல் ‘அசா க கிதா’ முடிந்ததும் கடையின் கணக்குப்பிள்ளை கமேஸ்கே நாயகனானது அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை அன்பான சின்ன விருந்துகள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லியே ஆக வேண்டும். 2020-இல் ஓடிய ‘யெல்’ தொடர் நடுவிலேயே ஒரு வாரம் மூலக்கதையை நிறுத்திவிட்டு, ஓரத்து ஆட்களின் கதைகளைச் சொன்னது. அதில் ஒன்றில், நாயகி ஓதோவின் இறந்துபோன அப்பா மறுவுலகிலிருந்து ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வருகிறார். நடித்தவர் அந்த ஆறு பேரில் இன்னொருவரான மிட்சுயிஷி கென். கதையின் தொடக்கத்திலேயே செத்துப்போன பாத்திரம் அது. குடும்பத்தில் ஒவ்வொருவரையும் பார்த்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து வந்த வாரங்களில் கொரோனாவால் ஒளிபரப்பே நின்று பழைய எபிசோடுகள் ஓடின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வாரம் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

மற்றொன்று 2013-இன் ‘அமாசான்’. குதோ கன்குரோ எழுதியது. வடகிழக்குக் கடற்கரை ஊரில் இரண்டு சிறுமிகள், அகியும் யூயியும். டோக்கியோவுக்குப் போய்ப் பாடகியாக வேண்டும் என்பது யூயியின் ஆசை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தடுக்கும். கடைசியில் அவள் ரயிலேறிய நாள் 2011 மார்ச் 11. நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ரயில் சுரங்கத்தில் நின்றுவிடுகிறது. தொடர் 156 எபிசோடுகளில் முடிந்தது, யூயி டோக்கியோவுக்குப் போகவே இல்லை. ஆண்டு முடிவில் என்எச்கேயின் ‘கொஹாகு’ பாட்டு நிகழ்ச்சி நேரலையில் நடந்தபோது, 157-ஆவது எபிசோடு என்று சொல்லி ஒரு பகுதியை நுழைத்தார்கள். அதில் யூயி டோக்கியோவுக்கு வந்து, அகியோடு சேர்ந்து மேடையேறிப் பாடினாள். கதை வாங்கிய கடனை நாடே பார்க்கிற மேடையில் திருப்பிக் கொடுத்தார்கள். நான் அறிந்த எந்தக் கிளைக்கதையும் இதற்கு ஈடு இல்லை.

இனி எனக்குக் கோபம் வருகிற பகுதி. நிப்பான் டிவி 2014-இல் ஹுலு என்ற கட்டண இணையத் தளத்தின் ஜப்பான் பிரிவை வாங்கியது. மற்ற நிறுவனங்களும் தங்கள் இணையத் தளங்களை உண்டாக்கின. இலவசத் தொலைக்காட்சியில் வரும் தொடரை வைத்துக் கட்டணச் சந்தாவுக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவை வந்தது. 2019-இல் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கொலைகள் நடக்கும் ‘அனதா நோ பான் தேசு’ இரண்டு கூருகள் ஓடியபோது, வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக் கதவின் பின்னாலும் என்ன நடக்கிறது என்ற கிளைக்கதையை ஹுலுவில் போட்டார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டால் யோசனை புத்திசாலித்தனமானது. அத்தனை வீட்டுக்காரர்களும் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற கதைக்கு அது பொருந்தவும் செய்தது. ஆனால் கொலைகாரர் யார் என்று ஊரே துப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது, துப்பின் ஒரு பகுதி பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்றால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகத்தான் உணர்வார். கிளைக்கதை கூடுதலாக ஏதாவது தரலாம். மூலக்கதைக்குச் சேர வேண்டியதை எடுத்துத் தனியே விற்கக் கூடாது. பத்து வாரம் பொறுமையாகப் பார்த்தவர், பத்தாவது வாரம் திரையில் தெரிகிற முடிவு முழுமையானது என்று நம்ப முடிய வேண்டும்.

நகைச்சுவைக்கான கிளைகளும் உண்டு. ‘ட்ரிக்’கின் விக் அணிந்த போலீஸ்காரர் யாபே கென்சோவுக்கும், ‘டாக்டர் எக்ஸ்’ஸின் பணத்தாசை பிடித்த மருத்துவர் கஜி ஹிதேகிக்கும் தனித் தொடர்கள் வந்தன. கஜியின் தொடருக்குப் பெயரே ‘டாக்டர் ஒய்’. பார்க்கலாம், சிரிக்கலாம், மறந்துவிடலாம்.

சமீப ஆண்டுகளில் 2024-இல் வந்த இரண்டு முயற்சிகள்தான் இந்த வடிவத்தை முன்னே நகர்த்தியிருக்கின்றன. சின்னது முதலில். ‘கொதோகு நோ குருமே’ 2012-இல் டிவி டோக்கியோவின் நள்ளிரவு நேரத்தில் எளிமையாகத் தொடங்கியது. இறக்குமதி வியாபாரி இனொகஷிரா கோரோ வேலைக்கு நடுவே ஏதாவது ஒரு நிஜக் கடைக்குள் நுழைந்து தனியாகச் சாப்பிடுவார். அவ்வளவுதான் கதை. ஆறு பேரில் ஒருவரான மட்சுஷிகே யுதகா, நீண்ட காலம் அடியாளாகவும் போலீஸாகவும் ஓரத்தில் நின்றவர், இதில்தான் நாயகனானார். 2024 அக்டோபரில் வந்த ‘சொரெசொரே நோ கொதோகு நோ குருமே’யில் ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு தொழில் செய்யும் ஒருவர் தனியாகச் சாப்பிடுகிறார். கோரோ அதே கடையில் வேறொரு மேஜையில் வந்துபோவார். துணை நடிகர் நாயகனாகி, பின் அந்த இடத்தைத் தானே மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து மறுபடி ஓரத்துக்குப் போகிறார். பசி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பல சீசன்களாகச் சொல்லிவந்த தொடருக்கு இதைவிடச் சரியான கிளை அமையாது.

பெரியது ‘லாஸ்ட் மைல்’. எழுத்தாளர் நொகி அகிகோ, இயக்குநர் சுகஹாரா அயுகோ, தயாரிப்பாளர் அராயி ஜுன்கோ மூவரும் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 2018-இல் ‘அன்நேச்சுரல்’ எடுத்தார்கள். இயற்கைக்கு மாறான சாவுகளை ஆராயும் ஆய்வகத்தின் கதை. 2020-இல் ‘எம்ஐயு 404’, ரோந்து வண்டியில் சுற்றும் இரண்டு போலீஸ்காரர்களின் கதை. 2024 ஆகஸ்டில் திரைக்கு வந்த ‘லாஸ்ட் மைல்’, இணைய வணிக நிறுவனத்தின் கிடங்கிலிருந்து போகும் பொட்டலங்கள் வெடிப்பதைப் பற்றியது. மூன்றும் ஒரே உலகம். மூன்றுக்கும் பாட்டு யொனெசு கென்ஷி.

பழைய நாயகர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து வில்லனைப் பிடிப்பார்கள் என்று நினைத்துப் போனவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர்கள் தங்கள் வேலையைச் செய்ய வருகிறார்கள், செய்துவிட்டுப் போகிறார்கள். பிணம் ஆய்வகத்துக்கு வந்தால் ஆய்வகத்தார் வருவார்கள், குற்றம் நடந்தால் ரோந்துப் பிரிவு வரும். படம் கிடங்கு மேலாளர்களுக்கும், ஒரு பொட்டலத்துக்கு 150 யென் கூலிக்கு ஓடும் அப்பா மகன் டெலிவரிக்காரர்களுக்கும் உரியது. அந்த அப்பாவாக நடித்த ஹினோ ஷோஹெய் அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். அவரது களைத்த நடையில் படத்தின் முழு வாதமும் இருக்கிறது.

என்னை மிகவும் அசைத்தது வேறு ஒன்று. ‘அன்நேச்சுரல்’ ஏழாவது எபிசோடில், நண்பனை இழந்து தானும் செத்துவிட நினைத்த ஒரு மாணவன் வருவான். ஆய்வகத்தார் அவனைப் பேச்சால் நிறுத்துவார்கள். எபிசோடு முடிந்தது, அவன் என்ன ஆனான் என்று தெரியாது. ‘லாஸ்ட் மைல்’இல் மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனாக அவன் வருகிறான். அதேபோல ‘எம்ஐயு 404’இல் விளையாட்டாகப் போலீஸை அலைக்கழித்த பள்ளிக்கூடப் பையன்களில் ஒருவன் இப்போது போலீஸ் வேலையில் இருக்கிறான். யாரும் நின்று இதை விளக்குவதில்லை. கவனித்தவருக்குத் தெரியும், கவனிக்காதவருக்குப் படம் குறையாது. காப்பாற்றியது வீண்போகவில்லை என்று காட்ட நிஜமாகவே ஆறு ஆண்டுகள் கழிய வேண்டும். அதை ஒரு கூருவுக்குள் எழுத முடியாது.

‘ஒதோரு’வின் புதிய படம் ஓதா யூஜியோடு 2026-இல் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க நினைப்பவர்கள் 1997 தொடர், 1998, 2003 படங்கள், பிறகு 2005-இன் முரோயி படம், கடைசியாக 2024-இன் இரண்டு படங்கள் என்று போனால் போதும். மஷிதாவை ஆசைப்பட்டால் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் புதிய படத்திடம் ஒரே எதிர்பார்ப்பு. அவோஷிமாவுக்கு இப்போது கிட்டத்தட்ட அன்றைய வாகுவின் வயது. களத்தில் நிற்கிறேன், நீங்கள் மேலே போங்கள் என்று அவன் சொல்லி அனுப்பிய மனிதர் தோற்று, ஊர் திரும்பி, இறந்துவிட்டார். சரியானதைச் செய்யப் பெரிய பதவிக்குப் போ என்ற வாகுவின் சொல்லை இனி நிலையத்துக்குப் புதிதாக வரும் ஒருவரிடம் அவோஷிமா சொல்வானா, மாட்டானா? மாட்டான் என்றால், அதற்குப் பதிலாக என்ன சொல்வான்? படம் இந்தக் கேள்வியைத் தொடாமல் துரத்தலும் பழைய வசனங்களுமாகப் போனால், முரோயியைக் கொன்றதற்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது.